1944 ஜூன் 22: அடி வாங்கியும் நின்றவர்களின் நாள்

இரண்டாம் உலகப்போர் பற்றிய தமிழ் எழுத்துகள் பெரும்பாலும் 1944 ஜூன் 6 அன்று நார்மண்டிக் கரையில் இறங்குகின்றன. அடுத்த பத்தியிலேயே பெர்லின் விழுந்துவிடுகிறது. நடுவில் பதினோரு மாதங்கள் கிடக்கின்றன. அதில் ஒரே ஒரு நாளை எடுத்துக்கொண்டு, அன்று உலகின் வெவ்வேறு போர்முனைகளில் நடந்ததை அருகருகே வைத்துப் பார்த்தால் என்ன தெரிகிறது என்பதுதான் இந்த ஆய்வு. நாள் 1944 ஜூன் 22, வியாழக்கிழமை. சோவியத் ஒன்றியத்தின் மீது ஹிட்லர் படையெடுத்து அன்றோடு சரியாக மூன்று ஆண்டுகள்.

அன்று எந்தத் தலைநகரமும் விழவில்லை. எந்தத் தலைவரும் சாகவில்லை. அன்றைய தந்திகளை மட்டும் படிப்பவருக்கு, நேச நாடுகள் ஓர் இரவிலேயே பலத்த அடி வாங்கியிருப்பதாகத்தான் தோன்றும். வாங்கவும் செய்தன. என் கவனம் அங்கேதான். அன்று ஏறக்குறைய எல்லா முனைகளிலும் இரு தரப்புமே தவறு செய்தன, இரு தரப்புமே இழந்தன. ஒரு தரப்பு இழந்ததை அடுத்த வாரமே ஈடுகட்டிவிட்டது. மறு தரப்பு இழந்தது திரும்பவே இல்லை. வீரம், தந்திரம், தளபதியின் மேதைமை என்று நாம் பேசிப் பழகியதெல்லாம் இந்தக் கணக்குக்குப் பிறகுதான் வருகிறது.

பொல்தாவா

நள்ளிரவு தாண்டிச் சற்று நேரத்தில் உக்ரைனின் பொல்தாவா விமானத்தளத்துக்கு மேலே ஒளிக்குண்டுகள் மிதந்து இறங்கின. முந்தைய நாள் அமெரிக்க பி-17 குண்டுவீச்சு விமானங்கள் இங்கிலாந்திலிருந்து கிளம்பி, பெர்லினுக்குத் தெற்கே ரூலாந்தில் இருந்த செயற்கை எண்ணெய் ஆலையைத் தாக்கிவிட்டு, வந்த வழியே திரும்பாமல் கிழக்கே பறந்து சோவியத் மண்ணில் இறங்கியிருந்தன. ‘ஃபிரான்டிக்’ என்று பெயரிடப்பட்ட இந்த ஏற்பாட்டில், எட்டாத தூரத்து இலக்குகளையும் எட்டலாம், ஸ்டாலினோடு கூட்டுறவையும் காட்டிக்கொள்ளலாம் என்று வாஷிங்டன் நம்பியது. ஜெர்மன் வேவு விமானம் ஒன்று பின்னாலேயே வந்து, விமானங்கள் எங்கே வரிசையாக நிற்கின்றன என்று பார்த்துவிட்டுப் போனது.

கிழக்கில் மிச்சமிருந்த குண்டுவீச்சு விமானங்களைத் திரட்டி ஜெர்மனி சுமார் இரண்டு மணி நேரம் தாக்கியது. 47 பி-17 விமானங்கள் அழிந்தன. தப்பியவற்றிலும் பெரும்பாலானவை சேதமடைந்தன. பாடுபட்டுக் கொண்டுவந்து சேர்த்த பெட்ரோலும் குண்டுகளும் எரிந்தன. தளத்தின் பாதுகாப்பைச் சோவியத் தரப்பு தன் கையிலேயே வைத்திருந்தது. அது சுட்டதில் ஒரு ஜெர்மன் விமானம்கூட விழவில்லை. பதுங்குகுழிகளில் இருந்ததால் அமெரிக்கர்களில் இறந்தவர்கள் இருவர்தான். தீயை அணைக்கவும் சிதறிக் கிடந்த சிறு குண்டுகளை அகற்றவும் இறங்கிய சோவியத் வீரர்களில் இறந்தவர்கள் அதைவிடப் பல மடங்கு.

விமானப்படை வரலாற்றில் இது ஜெர்மனியின் மிகத் திறமையான தாக்குதல்களில் ஒன்று. சந்தேகமே இல்லை. ஆனால் அந்த 47 என்ற எண்ணைக் கொஞ்சம் திருப்பிப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டின் உச்சத்தில் சியாட்டிலில் இருந்த போயிங் ஆலை ஒன்று மட்டுமே நாளொன்றுக்கு 16 பி-17 விமானங்களை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. ஜெர்மனி தன் மிச்ச பலத்தைத் திரட்டி அடித்த அடி, ஓர் ஆலையின் மூன்று நாள் வேலை. அந்த ஜெர்மன் குண்டுவீச்சு விமானங்களுக்கு அன்று விடியும்போது வேறோர் இடத்தில் வேலை காத்திருந்தது என்பதை அனுப்பியவர்கள் அறியவில்லை.

விட்டெப்ஸ்க்

பொல்தாவா எரிந்து அடங்குவதற்குள், வடக்கே பெலாரஸில் விட்டெப்ஸ்க் நகரின் இரு புறமும் சோவியத் பட்டாலியன்கள் ஜெர்மன் அகழிகளைச் சோதித்துப் பார்க்கத் தொடங்கியிருந்தன. பெரிய தாக்குதல் மறுநாள்தான். 22ஆம் தேதிக்குக் கிடைத்த உத்தரவு, பலத்தைச் சோதிக்கும் வேவுத் தாக்குதல் மட்டுமே. ஆனால் தளபதி பாக்ராமியானின் ‘முதல் பால்டிக் முனை’ என்ற படைத்தொகுதியில் சோதிக்கப் போன பட்டாலியன்கள் அகழிகளைத் தாண்டி உள்ளே போய்விட்டன. எதிரே இருந்தது ஜெர்மன் தளபதி ரைன்ஹார்ட்டின் 3ஆவது பான்சர் சேனை. பெயர்தான் பான்சர், டாங்கி டிவிஷன் என்று சொல்ல அதனிடம் ஒன்றும் இல்லை.

ஜெர்மன் தலைமை கோடைத் தாக்குதலை வடக்கு உக்ரைனில் எதிர்பார்த்து டாங்கிகளை அங்கே குவித்திருந்தது. சோவியத் தரப்பு அந்த நம்பிக்கைக்குத் தீனி போட்டது: தெற்கே போலியான படைக்குவிப்பு, பெலாரஸில் வானொலி மௌனம், இரவில் மட்டும் நகரும் ரயில்கள். 6ஆவது காவலர் சேனை முழுவதும் விட்டெப்ஸ்குக்கு வடமேற்கே வந்து நின்றதை ஜெர்மன் உளவுத்துறை கவனிக்கவில்லை. அந்தப் பகுதி முழுவதையும் காக்க வேண்டிய 6ஆவது விமானப்படையிடம் பறக்கும் நிலையில் இருந்த சண்டை விமானங்கள் சுமார் 40.

மூன்றாம் ஆண்டு நினைவு நாளை ஸ்டாலின் வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தார் என்று பலர் எழுதுகிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. உண்மையில் சில நாட்கள் முன்னதாகவே தொடங்க வேண்டிய தாக்குதல் அது; சோவியத் ரயில்களால் குண்டுகளையும் எரிபொருளையும் நேரத்துக்குக் கொண்டுவந்து சேர்க்க முடியாததால் தள்ளிப்போனது. நினைவு நாள் தானாக வந்து பொருந்திக்கொண்டது. தாக்குதல் தொடங்குவதற்கு முன், 19ஆம் தேதி இரவிலிருந்து கெரில்லாப் படைகள் ஜெர்மானியரின் பின்புற ரயில் பாதைகளில் ஆயிரக்கணக்கான வெடிகளை வைத்தன. தன் தண்டவாளம் தாமதப்படுத்தினாலும் எதிரியின் தண்டவாளத்தை உடைத்துவிட்டால் சரிதான்.

ஹிட்லர் விட்டெப்ஸ்க், ஓர்ஷா, மொகிலெவ், பப்ரூய்ஸ்க் ஆகிய நகரங்களை ‘கோட்டை நகரங்கள்’ என்று அறிவித்து, அங்கிருந்து ஒரு காலடிகூடப் பின்வாங்கக் கூடாது என்று கட்டளையிட்டிருந்தார். நடுச் சேனைக்குழுவின் தளபதி எர்ன்ஸ்ட் புஷ் அதைக் கேள்வி கேட்காமல் கீழே அனுப்பினார். 26ஆம் தேதி விட்டெப்ஸ்க் விழுந்தது. 28ஆம் தேதி புஷ் நீக்கப்பட்டு மோடல் வந்தார். ஜூலை 3 அன்று மின்ஸ்க் விழுந்தது. ஜூலை 17 அன்று ஏறக்குறைய 57,000 ஜெர்மன் கைதிகள் மாஸ்கோ வீதிகளில் நடத்திச் செல்லப்பட்டார்கள். சோவியத் பக்கமும் மலிவாக எதுவும் கிடைக்கவில்லை: ‘பக்ரத்யோன்’ என்று பெயரிட்ட இந்தத் தாக்குதல் முடிவதற்குள் ஏறக்குறைய 1,80,000 பேர் இறந்தோ காணாமலோ போயிருந்தார்கள். அந்த இழப்பை ஈடுகட்ட ஆட்கள் வந்தார்கள். அவர்களை ஏற்றிச் செல்ல அமெரிக்க ஸ்டுட்பேக்கர் லாரிகளும் வந்தன. ஜெர்மன் நடுச் சேனைக்குழுவுக்கு அப்படி வருவதற்கு யாருமில்லை.

கடலும் துறைமுகமும்

நார்மண்டிக் கரையில் மூன்று நாட்களாக அடித்த புயல் 22ஆம் தேதிதான் தணியத் தொடங்கியது. இங்கிலாந்திலிருந்து துண்டு துண்டாக இழுத்து வந்து பொருத்திய இரண்டு செயற்கைத் துறைமுகங்களில், ஒமாஹா கரையில் அமெரிக்கர்கள் அமைத்தது சிதைந்துபோயிருந்தது. அரோமான்ஷில் பிரிட்டிஷார் அமைத்தது தப்பியது. நூற்றுக்கணக்கான இறங்குபடகுகள் மணலில் ஏறிக் கிடந்தன. நேசப்படைகளின் தலைமைத் தளபதி ஐசன்ஹோவர் ஜூன் 6ஐத் தவறவிட்டிருந்தால், அலையின் ஏற்ற இறக்கப்படி அவருக்கு அடுத்துக் கிடைத்திருக்கக்கூடிய நாட்கள் ஏறக்குறைய இந்தப் புயலின் நாட்களேதான். அந்தத் தகவலைப் படிக்கும்போது இன்றும் வயிறு ஒரு கணம் கலங்கும்.

ஒமாஹா துறைமுகத்தைப் பழுதுபார்க்க வேண்டாம் என்று முடிவாயிற்று. அதன் உருப்படியான பகுதிகள் அரோமான்ஷுக்குப் போயின. அமெரிக்கர்கள் பெரிய இறங்குகப்பல்களை நேரே மணலில் ஏற்றி நிறுத்தி, அலை வடிந்ததும் கதவைத் திறந்து லாரிகளை ஓட்டிவந்தார்கள். அப்படி இறக்கிய சரக்கு, துறைமுகம் இருந்தபோது இறக்கியதைவிட அதிகமாயிற்று. இவ்வளவு பொறியியலும் இரும்பும் சிமென்டும் தேவைதானா என்ற கேள்வி அதன்பின் எழாமலில்லை.

அன்று பகல் 12:40க்கு பிரான்ஸின் ஷெர்பூர் துறைமுக நகர் மீது வான்தாக்குதல் தொடங்கியது. உண்மையான துறைமுகம் வேண்டும். அதற்காகத்தான் அமெரிக்கத் தளபதி காலின்ஸின் 7ஆவது கோர் (பல டிவிஷன்கள் சேர்ந்த படைப்பிரிவு) மூன்று டிவிஷன்களோடு நகரை நெருங்கியிருந்தது. ஷ்லீபன் என்ற ஜெர்மன் தளபதிக்கு முந்தைய நாள் சரணடையச் சொல்லிக் கெடு கொடுத்தார்கள். காலை 9 மணியோடு கெடு முடிந்தது, பதில் வரவில்லை. முதலில் பிரிட்டிஷ் விமானங்கள், பிறகு அமெரிக்க விமானங்கள், 80 நிமிடம். பிற்பகல் 2 மணிக்குக் காலாட்படை கிளம்பியது. அதற்குள் சில குண்டுகள் சொந்தப் படைகள் மேலேயே விழுந்து உயிரிழப்பு ஏற்பட்டிருந்தது. முதல் நாள் முன்னேற்றமும் சொல்லும்படி இல்லை.

ஷ்லீபன் 26ஆம் தேதி சரணடைந்தார். ஆனால் அதற்குள் ஜெர்மானியர் துறைமுகத்தை மிகத் தேர்ச்சியாக நாசம் செய்திருந்தார்கள். அதற்காக அட்மிரல் ஹென்னக்கேக்கு ஹிட்லர் பதக்கமே கொடுத்தார். ஜூலை நடுப்பகுதி வரை ஒரு கப்பலும் சரக்கு இறக்க முடியவில்லை. வேறொரு படையாக இருந்தால் அந்த மூன்று வாரத்தில் குண்டுக்கும் சோற்றுக்கும் திண்டாடியிருக்கும். இவர்களுக்கு மணல் போதுமாயிருந்தது.

109ஆவது மைல்கல்

இந்த நாளில் நமக்கு மிக அருகில் நடந்தது மணிப்பூரில்.

திமாப்பூரிலிருந்து கோஹிமா வழியாக இம்பாலுக்குப் போகும் சாலையை மார்ச் இறுதியில் ஜப்பானியர் வெட்டினார்கள். அன்றிலிருந்து இம்பால் சமவெளியில் இருந்த பிரிட்டிஷ் இந்தியப் படையின் 4ஆவது கோர் வானத்திலிருந்து வந்த அரிசியையும் ஆட்டா மாவையும் குண்டையும் நம்பியே சண்டையிட்டது. முற்றுகை நடந்த மாதங்களில் விமானங்கள் கொண்டுவந்த சரக்கு ஏறக்குறைய 19,000 டன். திரும்பும்போது காயம்பட்டவர்கள் சுமார் 13,000 பேரையும், சண்டைக்குத் தேவைப்படாத சுமார் 43,000 பேரையும் அவை வெளியே கொண்டுபோயின. 5ஆவது இந்திய டிவிஷன் அரக்கானிலிருந்து மார்ச் மாதம் பீரங்கிகளோடும் கோவேறு கழுதைகளோடும் வானத்திலேயே வந்து இறங்கியது. இதற்கான விமானங்கள் சும்மா கிடைத்துவிடவில்லை. இமயத்தைத் தாண்டிச் சீனாவுக்குச் சரக்கு சுமந்துகொண்டிருந்த விமானங்களில் ஒரு பகுதியை மவுண்ட்பேட்டன் மல்லுக்கட்டி வாங்கினார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், சீனாவுக்கு வரும்போது தேவைப்படும்.

எதிர்ப்பக்கம் ஜப்பானியத் தளபதி முட்டாகுச்சி, சிண்ட்வின் ஆற்றைக் கடந்தபோது மூன்று வாரச் சோற்றோடுதான் தன் மூன்று டிவிஷன்களையும் அனுப்பினார். பிரிட்டிஷ் கிடங்குகளைப் பிடித்துச் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்பது திட்டம். செங்கிஸ் கானைப் பின்பற்றி ஆடு மாடுகளை ஓட்டிக்கொண்டு போகச் சொன்னார். பல ஆற்றிலேயே போய்விட்டன, பல மலையேறவில்லை. கோஹிமாவில் பட்டினி கிடந்த 31ஆவது டிவிஷனின் தளபதி சாட்டோ, உத்தரவை மீறிப் படையைப் பின்னே இழுத்தார். ஜப்பானியச் சேனையில் ஒரு டிவிஷன் தளபதி தானாகப் பின்வாங்குவது கேள்விப்படாத செயல். தன் கீழிருந்த மூன்று டிவிஷன் தளபதிகளையும் முட்டாகுச்சி ஒருவர் பின் ஒருவராக நீக்கினார். தளபதிகளை மாற்றலாம், அரிசி வராது.

அந்தச் சேனைக்குப் பர்மாவில் இருந்த சொற்ப வழங்கல் வழிகளில் ஒன்று, 1943 அக்டோபரில் இரு முனையும் இணைந்த 415 கிலோமீட்டர் ரயில் பாதை. மலேசியத் தமிழர்கள் சயாம் மரண ரயில் என்று சொல்லும் அதேதான். நேச நாட்டுப் போர்க்கைதிகளில் 12,000க்கும் மேற்பட்டோர் அதில் செத்தார்கள் என்பதை உலகம் அறியும். ரப்பர் தோட்டங்களிலிருந்து அள்ளிக்கொண்டு போகப்பட்டு அங்கேயே மடிந்த பல்லாயிரம் தமிழர்களுக்குச் சரியான பேரேடுகூடக் கிடையாது. இத்தனை உயிர் கொடுத்துப் போட்ட பாதையும், அதன் பாலங்கள் குண்டுவீச்சுக்கு உள்ளாகிக்கொண்டிருந்ததால், இம்பால் மலைகளில் கிடந்தவனுக்கு ஒரு பிடி அரிசி சேர்க்கவில்லை. அந்தப் பட்டினியில் இந்திய தேசிய ராணுவத்தினருக்கும் பங்கு உண்டு. ஷா நவாஸ் கானின் சுபாஷ் பிரிகேடும் கியானியின் காந்தி பிரிகேடும் டெல்லிக்குப் போகிற கனவோடு அதே மலைகளில் மலேரியாவோடும் வயிற்றுப்போக்கோடும் இருந்தன. அவர்களுக்கு எதிர்ப்பக்கத்தில் நின்றவர்களிலும் பெரும்பான்மை இந்தியரே.

ஜூன் 22 காலை, கோஹிமாவிலிருந்து தெற்கே வந்த பிரிட்டிஷ் 2ஆவது டிவிஷனின் டாங்கிகளும், இம்பாலிலிருந்து வடக்கே முட்டி மோதி வந்த 5ஆவது இந்திய டிவிஷனின் முன்னணியும் 109ஆவது மைல்கல்லில் சந்தித்தன. மழை கொட்டிக்கொண்டிருந்த பருவம். சாலை திறந்ததும் லாரி வரிசை இம்பாலை நோக்கிக் கிளம்பியது. முட்டாகுச்சியோ அவருக்கு மேலிருந்த கவாபேயோ அன்று தோல்வியை வாய் திறந்து சொல்லவில்லை. ஜூன் தொடக்கத்தில் இருவரும் சந்தித்தபோதே இருவருக்கும் தெரியும், இருவருமே அடுத்தவர் சொல்லட்டும் என்று இருந்துவிட்டார்கள். பின்வாங்கும் உத்தரவு ஜூலையில்தான் வந்தது. அந்த இடைவெளியில் நோயிலும் பசியிலும் செத்தவர்களே சண்டையில் செத்தவர்களைவிட அதிகம் என்று சொல்வதில் தவறிருக்காது. ஏறக்குறைய 30,000 ஜப்பானியர் இந்தப் படையெடுப்பில் மாண்டார்கள்.

ஒகினாவாவில் நங்கூரம்

அதே நாள், ஒகினாவாவின் நகாகுசுகு விரிகுடாவில் ஜப்பானிய அட்மிரல் ஓசாவாவின் கப்பற்படை நங்கூரம் பாய்ச்சியது. 19, 20 தேதிகளில் பிலிப்பைன் கடலில் நடந்த சண்டையிலிருந்து திரும்பி வந்த படை அது. மூன்று விமானந்தாங்கிகள் போயின. அதில் இரண்டு நீர்மூழ்கிக் கப்பல்களின் டார்பிடோவால். சுமார் 430 விமானங்களோடு போனவர் பறக்கும் நிலையில் 35ஐத்தான் திருப்பிக் கொண்டுவந்தார். ஓசாவா ராஜினாமாக் கடிதம் கொடுத்தார், மேலிடம் ஏற்கவில்லை. விமானந்தாங்கிகளைவிடப் பெரிய இழப்பு விமானிகள். எரிபொருள் தட்டுப்பாட்டால் அரைகுறைப் பயிற்சியோடு வந்தவர்கள் அவர்கள். அவர்களுக்குப் பதில் வரப்போகிறவர்களுக்கு அதுவும் இருக்கப்போவதில்லை.

அமெரிக்கத் தரப்பும் 20ஆம் தேதி இரவு சுமார் 80 விமானங்களைக் கடலில் கொட்டியது. எதிரி சுட்டு அல்ல. தூரம் அதிகம், எண்ணெய் தீர்ந்துவிட்டது, இருட்டில் கப்பலைக் கண்டுபிடித்து இறங்க முடியவில்லை. விமானிகளில் பெரும்பாலோரை நீரிலிருந்து தூக்கிவிட்டார்கள், விமானம் வேறு கிடைக்கும். 22ஆம் தேதி சைபன் தீவின் அஸ்லிட்டோ ஓடுபாதையில் அமெரிக்க பி-47 (P-47) சண்டை விமானங்கள் வந்து இறங்கத் தொடங்கின. தீவின் வடபாதியில் சண்டை இன்னும் முடியவில்லை.

பின்லாந்தில் அன்று ஜெர்மன் வெளியுறவு அமைச்சர் ரிப்பன்ட்ராப் ஹெல்சின்கிக்கு வந்து இறங்கினார். தனியாகச் சமாதானம் பேசமாட்டோம் என்று எழுதிக்கொடுத்தால் ஆயுதம் தருவோம் என்பது பேரம்; நான்கு நாளில் அதிபர் ரூட்டி கையெழுத்திட்டார். விட்டெப்ஸ்க் உடையும் அதே வாரம், ஜெர்மனி விமானங்களையும் ஒரு டிவிஷனையும் பின்லாந்துக்குப் பிரித்துக் கொடுத்திருந்தது.

இத்தாலியின் குப்பியோ நகரில் அன்று ஜெர்மானியர் பொதுமக்கள் 40 பேரைச் சுட்டுக் கொன்றார்கள், கெரில்லாக்கள் தங்கள் அதிகாரி ஒருவரைச் சுட்டதற்குப் பழிவாங்க. ஹங்கேரியில் அந்த வாரம் யூதர்களை ஏற்றிக்கொண்டு ஆஷ்விட்ஸ் கொலைமுகாமுக்குப் போகும் பெரும் ரயில் வரிசைகளுக்கு இடைவேளை: ஒரு வட்டாரத்தை 16ஆம் தேதியோடு காலிசெய்தாயிற்று, அடுத்தது 25ஆம் தேதி தொடங்கும். புடாபெஸ்ட்டில் யூதக் குடும்பங்கள் மஞ்சள் நட்சத்திரம் ஒட்டிய வீடுகளுக்கு மூட்டை தூக்கிக்கொண்டிருந்தன, கெடு 24 வரை. என் கணக்கில் இது எங்கும் பொருந்தவில்லை. பெலாரஸில் தண்டவாளங்கள் வெடித்துக்கொண்டிருந்தபோதும், ஜெர்மன் அரசு இதற்கு ரயில் ஒதுக்கிக்கொண்டேயிருந்தது.

வாஷிங்டனில் ரூஸ்வெல்ட் அன்று கையெழுத்திட்ட சட்டம், போர் முடிந்து வீடு திரும்பும் வீரர்களின் கல்லூரிப் படிப்பு, வீட்டுக் கடன், வேலையில்லாக் காலப் படி பற்றியது.

ஹெங்யாங்

இதுவரை சொன்னதெல்லாம் என் வாதத்துக்குச் சாதகமானவை. சீனா அப்படியல்ல.

ஜப்பானின் ‘இச்சி-கோ’ படையெடுப்பில் ஜூன் 18 அன்று சாங்ஷா விழுந்தது. 22ஆம் தேதி ஹூனான் மாகாணத்தின் ஹெங்யாங்கில் முற்றுகைப் போர் தொடங்கியது. ரயில்கள் கூடும் சந்திப்பு, பக்கத்தில் அமெரிக்கர் பயன்படுத்திய விமானத்தளம். உள்ளே ஃபாங் ஷியன்ஜுவேயின் 10ஆவது சேனை, பெயர் சேனை என்றாலும் சுமார் 17,000 பேர். ஜப்பானியர் ஓரிரு நாளில் பிடித்துவிடலாம் என்று வந்தார்கள். சீன வீரர்கள் மலைச்சரிவுகளைச் செங்குத்தாக வெட்டிச் சுவராக்கி, மேலிருந்து கையெறி குண்டுகளை உருட்டி அவர்களைத் தடுத்தார்கள். 68ஆவது ஜப்பானிய டிவிஷனின் தளபதியே படுகாயமடைந்தார்.

ஃபாங் நின்றதும் நேச நாடுகளின் பக்கம்தான். ஆனால் அவருக்குக் கிடங்கு இல்லை. சீனாவுக்கு வந்த ஒவ்வொரு டன்னும் அசாமிலிருந்து இமயத்தைத் தாண்டி வான்வழியே வர வேண்டியிருந்தது. அதைச் சுமந்த விமானங்களில் ஒரு பகுதி வசந்தத்தில் இம்பாலுக்குத் திருப்பிவிடப்பட்டிருந்தது. வந்த சரக்கில் ஒரு பகுதி செங்டுவில் நின்ற அமெரிக்க பி-29 குண்டுவீச்சு விமானங்களுக்கு எண்ணெயாகப் போனது. ஒரு வாரம் முன்புதான் அவை ஜப்பானின் யவாட்டா இரும்பாலை மீது குண்டு வீசியிருந்தன, சேதம் பெரிதாக இல்லை. சீனாவில் இருந்த அமெரிக்க விமானப்படைத் தளபதி ஷெனால்ட் தன் சரக்கில் கொஞ்சத்தைச் சீனக் காலாட்படைக்குத் தர முன்வந்தபோது, அவருக்கு மேலிருந்த அமெரிக்க ஜெனரல் ஸ்டில்வெல் ஒப்பவில்லை. ஸ்டில்வெல்லின் கவனம் வடபர்மாவிலும் அங்கே மிச்சினா நகர முற்றுகையிலும் இருந்தது. சீனத் தலைவர் சியாங் கை ஷேக்குக்கும் சூயே யுவே போன்ற மாகாணத் தளபதிகளுக்கும் இடையே இருந்த சந்தேகமும் தன் பங்கைச் செய்தது. மீட்க வந்த சீனப் படைகள் நகருக்குள் புக முடியவில்லை.

அந்த 19,000 டன் இம்பாலைக் காத்தது என்று எழுதும்போது, அதில் எவ்வளவு ஹெங்யாங்குக்குப் போயிருக்கக்கூடியது என்று கேட்காமல் விட முடியாது. ஒதுக்கியவர்கள் தெரிந்தே ஒதுக்கினார்கள், முடிவு தவறென்றும் நான் சொல்லமாட்டேன்; பர்மாவை இழந்தால் சீனாவுக்கான வழியே அடைபட்டிருக்கும். ஆனால் நேச நாடுகள் என்று ஒரே சொல்லில் சொல்லும்போது, தவறு செய்யவும் இழக்கவும் வசதி இருந்தவர்களோடு அது இல்லாதவர்களையும் சேர்த்துக் கட்டிவிடுகிறோம். ஃபாங் ஒரு மலையை இழந்தால் அதை மீட்க அடுத்த பட்டாலியன் கிடையாது.

47 நாட்கள் தாங்கிய பின், ஆகஸ்ட் 8 அன்று அவர் சரணடைந்தார். நவம்பரில் குய்லினும் லியூசோவும் விழுந்தன. ஷெனால்ட் தன் முன்னணி விமானத்தளங்களை, ஓடுபாதைகளைத் தானே வெடிவைத்துத் தகர்த்துவிட்டு, ஒவ்வொன்றாகக் கைவிட்டார்.